விலையைக் கட்டிய சுல்தான்

டில்லியில் வேலை பார்க்கும் தமிழர்களில் ஹௌஸ் காஸ் ஏரிக்கரையையும் சிரி கோட்டையையும் அறியாதவர்கள் குறைவு. ஏரியை வெட்டியவரும் கோட்டையைக் கட்டியவரும் ஒருவரே. 1296 முதல் 1316 வரை டில்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜி அவர். அவருடைய தளபதி மாலிக் காபூர் 1311-ல் மதுரை வரை படை நடத்தி வந்ததால் தமிழ்நாட்டிலும் அவர் பெயர் அடிபடுவதுண்டு. ஆனால் அவர் காலத்து டில்லிவாசிகளுக்கு அந்தப் போர்களை விட நன்றாக நினைவிருந்தது கோதுமை விலைதான்.

அலாவுதீன் அரியணை ஏறிய விதம் பெருமைக்குரியதல்ல. சுல்தான் ஜலாலுதீனுக்கு அவர் அண்ணன் மகன், மருமகனும்கூட. அலகாபாத்துக்கு அருகே காரா என்ற ஊரில் கவர்னராக இருந்தார். மாமனாருக்குச் சொல்லாமலே தக்காணத்துக்குப் போய்த் தேவகிரியைக் கொள்ளையிட்டு, அந்தப் பொன்னோடு திரும்பினார். வாழ்த்தி வரவேற்க வந்த கிழவரை 1296-ல் கொல்ல ஏற்பாடு செய்தார். டில்லிக்கு வரும் வழியெல்லாம் பொன்னையும் வெள்ளியையும் ஜனங்கள் நடுவே வாரி இறைத்தார். பழியைப் பணம் மறைத்தது.

அடுத்த சோதனை வடமேற்கிலிருந்து வந்தது. மங்கோலியர் 1299-ல் டில்லி வாசல் வரை வந்து திரும்பினார்கள். 1303-ல் தார்கி என்பவன் தலைமையில் மீண்டும் வந்தார்கள். அப்போது சுல்தான் சித்தூர் முற்றுகையை முடித்துக்கொண்டு அலுத்துத் திரும்பியிருந்தார். மற்றொரு பெரும் படை வாரங்கல் போய் நொந்து வந்துகொண்டிருந்தது. சிரியில் அகழி வெட்டி, அதற்குள் சுல்தான் பாசறை போட்டு உட்கார்ந்திருக்க, டில்லிக்கு வரும் பாதைகளை மங்கோலியர் அடைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து தானியம் வருவது நின்றது. சுமார் இரண்டு மாதம் கழித்து அவர்கள் தாமாகவே திரும்பிப் போனார்கள். நகரம் பிழைத்தது. ஆனால் கோட்டை மட்டும் போதாது, பெரும் நிரந்தரப் படையும் களஞ்சியமும் வேண்டும் என்ற பாடம் சுல்தானுக்குப் பதிந்துவிட்டது.

பெரும் படைக்குப் பெரும் சம்பளம் வேண்டும். வழக்கமான சம்பளத்தில் அத்தனை பேரை வைத்தால் கஜானா ஐந்தாறு வருஷத்தில் காலியாகிவிடும் என்று கணக்கு வந்தது. அமைச்சர்களோடு கலந்து சுல்தான் கண்ட வழி, விலைக்கு ஏற்பச் சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதில் சம்பளத்துக்கு ஏற்ப விலையை இறக்குவது. பஞ்சப்படிக்கு நேர்மாறான யோசனை! குதிரை வீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா, அதாவது மாதம் 19½ தங்கா, ரொக்கமாக நிர்ணயமாயிற்று. இரண்டாவது குதிரை வைத்திருந்தால் ஆண்டுக்கு மேலும் 78 தங்கா.

பிறகு விலைப்பட்டியல் வந்தது. தங்கா ஒன்றுக்கு ஐம்பது ஜீத்தல் அளவில் சில்லறை. ஒரு மணங்கு கோதுமை 7½ ஜீத்தல், அரிசி 5, கடலை 5, பார்லி 4. அந்நாளைய டில்லி மணங்கு சுமார் 15 கிலோ என்பது ஒரு கணக்கு.

விலை எழுதுவது எளிது. அந்த விலைக்குச் சரக்கு வரவேண்டுமே? இங்கேதான் அலாவுதீனின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. கங்கை யமுனை இடைநிலத்தில் அரசுக்குச் சேரவேண்டிய நிலங்களின் வரியைப் பணமாக வாங்காமல் தானியமாகவே வாங்கி டில்லிக்குக் கொண்டுவரச் செய்தார். பேட்டைக்கு இரண்டு மூன்று வீடுகளிலாவது சர்க்கார் தானியம் அடுக்கியிருந்தது. மாட்டுப்பொதி ஏற்றி வரும் வணிகர்களைக் குடும்பத்தோடு யமுனைக் கரைக் கிராமங்களில் குடியேற்றி, ஒருவருக்கொருவர் ஜாமீன் ஆக்கினார். உழவர் களத்துமேட்டிலேயே நிர்ணய விலைக்கு விற்றுவிட வேண்டும். பதுக்கல் பிடிபட்டால் சரக்கும் பறிமுதல், தண்டனையும் உண்டு. மண்டிக்கு மாலிக் கபூல் என்பவர் அதிகாரி. மண்டி நிலவரம் நாள்தோறும் மூன்று வழியில் சுல்தானுக்குப் போகும். அதிகாரி ஒன்று சொல்வார், செய்தி எழுதுவோர் ஒன்று சொல்வார்கள், ஒற்றர்கள் ஒன்று சொல்வார்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் அதிகாரி பாடு திண்டாட்டம்.

மழை பொய்த்த ஆண்டுகளில்தான் இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை. விலையை அரை ஜீத்தல் ஏற்றலாமா என்று கேட்ட மண்டி அதிகாரிக்குக் கிடைத்தது பிரம்படி. களஞ்சியம் திறந்தது. ஒவ்வொரு பேட்டைக் கடைக்காரருக்கும் அங்குள்ள ஜனத்தொகைக்குத் தக்கபடி அன்றாடம் தானியம் அளந்தார்கள். வாங்க வருபவருக்கு ஒரு தடவைக்கு அரை மணங்கு. கூட்ட நெரிசலில் ஏழை எளியவர் மிதிபட்டால் அதற்கும் அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு உலக யுத்தங்களில் வந்த ரேஷனுக்கும் இதற்கும் கார்டு ஒன்றுதான் குறை.

துணிக்கு பதாயூன் வாசலருகே தனிச் சந்தை. வெளியூர்ச் சரக்கை வாங்கி வர முல்தான் வணிகர்களுக்குக் கஜானாவிலிருந்து 20 லட்சம் தங்கா முன்பணம் கொடுத்தார்கள். உயர்ந்த பட்டு வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். முதல்தரக் குதிரைக்கு 100 முதல் 120 தங்கா. இடையில் நின்று விலை ஏற்றிய குதிரைத் தரகர்கள் சிறைக்கோ ஊருக்கு வெளியேயோ போனார்கள். ஆடு மாடுகளைப் போல் அடிமைகளுக்கும் விலை எழுதியது அந்தக் காலத்தின் கொடுமை.

எடையைக் கண்காணித்தவர் யாகூப். சிறுவர்களிடம் காசு கொடுத்து ரொட்டியும் மிட்டாயும் வாங்கி வரச் சொல்லி நிறுத்துப் பார்ப்பார்களாம். குறைந்த எடைக்கு ஈடாகக் கடைக்காரன் உடம்பிலிருந்தே சதையை அறுத்தார்கள் என்று சரித்திர ஆசிரியர் பரணி எழுதியிருக்கிறார். பரணி எழுதியது அலாவுதீன் இறந்து நாற்பதாண்டு கழித்து. வியாபாரிகள் என்றாலே அவருக்கு ஆகாது. அதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும். பிரம்பு பெரிதாகப் பேசப்பட்டாலும், விலையைப் பிடித்து நிறுத்தியது களஞ்சியமே எனலாம். சரக்கு கையில் இல்லாத அரசு எத்தனை அடி கொடுத்தும் கோதுமை வந்திராது.

அந்தக் கோதுமை யாருடையது என்று பார்த்தால் மறுபக்கம் தெரியும். விளைச்சலில் சரிபாதி வரி. அதற்கு மேல் வீட்டு வரி, மேய்ச்சல் வரி. மிச்சத்தையும் உழவர் அரசு சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். டில்லி வீரன் சம்பளத்தில் குடும்பம் நடத்தியதற்கு இடைநிலத்து உழவன் வீட்டில் அடுப்பு அடங்கியது. சம்பளக்காரருக்குக் கிடைத்த சுகத்தைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

படைக்காகவே இதெல்லாம் என்பது பரணியின் கட்சி. சிராக் டில்லி என்ற பகுதிக்குப் பெயர் தந்த மகான் நசீருதீன் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். பொன்னைத் தானம் செய்தால் எல்லோருக்கும் எட்டாது, தானியத்தை மலிவாக்கினால் எல்லோருக்கும் எட்டும் என்று சுல்தான் யோசித்தாராம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 1306-க்குப் பிறகு மங்கோலியர் தொல்லை பெரும்பாலும் அடங்கியும் விலைக் கட்டுப்பாட்டை அவர் தளர்த்தவில்லை.

1316 ஜனவரியில் நோய்வாய்ப்பட்டு அலாவுதீன் இறந்தார். சில மாதங்களில் பட்டத்துக்கு வந்த மகன் முபாரக் ஷா சிறைக் கதவுகளைத் திறந்தார், படைக்கு ஆறு மாதச் சம்பளத்தை இனாமாகக் கொடுத்தார், தகப்பனார் காலத்துக் கெடுபிடிகளைக் கைவிட்டார். மண்டி வியாபாரிகள் இஷ்டப்படி விற்கத் தொடங்கினார்கள். விலை ஏறியது, கூலியும் ஏறியது. 7½ ஜீத்தல் கோதுமை டில்லியில் பழங்கதை ஆயிற்று.