மானிப்பாயில் வாழ்ந்த மருத்துவத் தமிழ்

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற வினா இன்றும் அவ்வப்போது எழுப்பப்படுகின்றது. யாழ்ப்பாணத்து மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே செயலால் விடையிறுக்கப்பட்ட வினா அது. விடையிறுத்தவர் தமிழரல்லர் என்பதே எம்மைச் சற்று நாணச் செய்வது.

அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822 இல் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர், மறு ஆண்டு மானிப்பாயைத் தமது இருப்பிடமாக்கிக்கொண்டு, அங்கேயே மாணவர்களுக்கு மருத்துவம் போதிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலமே போதனா மொழியாக இருந்தது. ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வதையும், கிராமங்கள் மருத்துவரின்றியே கிடப்பதையும் அவர் கண்டார். தாயகம் சென்று 1862 இல் திரும்பிய பின்னர், 1864 இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். இம்மாற்றத்தை மாணவர்கள் உவந்து ஏற்றனர் எனக் கூறுவதற்கில்லை. ஆங்கிலம் அன்றும் சோறு போட்ட மொழியன்றோ!

பாடநூல் இல்லாத மொழியில் பாடம் நடத்தவியலாது. 1852 இலேயே உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய நூலொன்றைத் தமிழாக்கிய கிறீன், பின்னர் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என நூல்களை அடுக்கடுக்காகத் தந்தார். கலைச்சொற்களையும் தொகுத்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். தமிழில் மட்டும் பயின்றோர் முப்பதுக்கும் மேற்பட்டோர். அவர் மதம் பரப்ப வந்தவரே. எனினும், கிறிஸ்தவராவோர் வேட்டியைத் துறந்து காற்சட்டைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை.

1873 இல் உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பியும் அவரது எழுதுகோல் ஓயவில்லை. மனுஷ சுகரணம் 1883 இல் வெளியாயிற்று. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1881 இல், பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்ரேர்ன்பேர்க்கும் மனித உமிழ்நீரில் ஒரு கிருமியைத் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். நியூமோனியாவை மட்டுமன்றிக் குழந்தைகளின் காதுக்குத்தையும் காதுவடிதலையும் உண்டாக்கும் நியூமொகொக்கஸ் என்னும் பற்றீரியா அதுவே. 1884 மே மாதம் மறைந்த கிறீனின் நூல்களில் அதற்கு இடமிருக்க வாய்ப்பில்லை.

இன்று அது பற்றி அறியப்பட்டிருப்பன பல. சிறுவரின் நடுக்காதைத் தொண்டையுடன் இணைக்கும் குழாய் குறுகியது, கிடையானது. தடிமன் பிடித்த காலத்தில் கிருமி அவ்வழியே ஏறிவிடுகின்றது. அதன் மேனியைப் போர்த்தியிருப்பது வெல்லப் பொருளாலான வழுக்கும் உறை. குருதியிலுள்ள காவற் புரதங்கள் அவ்வுறையைத் தாண்டிச் செயற்படுவது கடினம். வெண்குருதிக் கலங்களாலும் கிருமியை எளிதில் விழுங்க முடிவதில்லை. உறையைப் பற்றும் பிறபொருளெதிரி உருவானால் நிலைமை மாறும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடலோ தனி வெல்லப் பொருளுக்கு எதிராக அதனைச் செவ்வனே ஆக்குவதில்லை. எனவேதான் உறைப் பொருளைப் புரதத்துடன் பிணைத்துத் தடுப்பூசி செய்தனர். ஆயினும் உறை வகைகள் நூறுக்கு மேல். ஊசி அடக்குவன சிலவே. காதைத் தாக்கும் மற்றொரு கிருமியான ஹீமோபிலஸ் இன்புளுவென்சா வகைக்குப் பெரும்பாலும் உறையே கிடையாது. அது தன் மேற்பரப்பில் எமது உடற்கலங்களிலுள்ளதைப் போன்ற பொருளைப் பூசிக்கொண்டு உறவினர்போல் ஒளிந்துகொள்கின்றது.

இவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல எமக்குச் சொற்கள் உள்ளன. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் ஆங்கிலத்தில் தொடங்கியது; கிறீனுக்குப் பின் மானிப்பாயின் தமிழ்ப் போதனை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலத்திற் பயின்ற மருத்துவர், காது வடியும் பிள்ளையுடன் வரும் தாய்க்கு மருந்துச் சீட்டை நீட்டுகின்றார். விளக்கத்தைத் தம்முடனேயே வைத்துக்கொள்கின்றார். வலி தணிந்ததும் அவள் மருந்தை இடையில் நிறுத்துகின்றாள். அல்லது உள்ளிப்பல் காய்ச்சிய எண்ணெயைச் சவ்வு கிழிந்த காதினுள் விடுகின்றாள். அதனால் செவிப்புலனே கெடலாம். ஏன் கூடாதென அவளது மொழியில் அவளுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

தமது கல்லறையில் பெயர், பிறப்பு, இறப்பு ஆகியவற்றுடன், தாம் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்பதும் பொறிக்கப்பட வேண்டுமென கிறீன் விரும்பியிருந்தார். வூஸ்ரரில் உள்ளது அக்கல்.