ஆற்காடு பணத்தில் பிரிட்டன் எம்.பி. சீட்: புதுக்கோட்டை தொண்டைமான் காப்பாற்றிய நவாப் வாலாஜாவின் கதை

சென்னை வாலாஜா சாலை வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா வாங்கிய கடன், ஒரு காலத்தில் லண்டன் நாடாளுமன்றத்தையே ஆட்டிப் பார்த்தது. அவர் நவாப் ஆனதில் புதுக்கோட்டைக்கும் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த வாலாஜா?

1749-ல் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி தப்பித்து திருச்சி கோட்டைக்குள் புகுந்துகொண்டார். பிரெஞ்சுக்காரர்களின் ஆதரவோடு சந்தா சாகிப் கோட்டையை முற்றுகையிட்டார்.

1751, 1752-ல் நடந்த அந்த முற்றுகையில், உள்ளே இருந்தவர்களுக்கு உணவுப் பொருட்களை அனுப்பி வைத்தவர் புதுக்கோட்டை மன்னர் விஜய ரகுநாத ராய தொண்டைமான். ஆங்கிலேயர்களும் முகமது அலி பக்கமே நின்றார்கள். 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட, முகமது அலியின் கை ஓங்கியது. 1765-ல் முகலாய பேரரசர் ஷா ஆலம் 'வாலாஜா' பட்டம் கொடுத்தார்.

கடன் எப்படி ஆரம்பித்தது?

உதவி இலவசமாக வரவில்லை. போர்ச் செலவை எல்லாம் கிழக்கிந்திய கம்பெனி நவாப் கணக்கில் எழுதியது. அதைக் கட்ட, அதே கம்பெனியில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களிடமே அவர் தனியாகக் கடன் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. கிட்டத்தட்ட கந்து வட்டிதான்! ஆற்காட்டை விட்டு சென்னைக்கே குடிவந்து, 1768-ல் சேப்பாக்கம் அரண்மனையையும் கட்டினார்.

பணம் கொடுத்தவர்களுக்கு அடமானமாகக் கிடைத்தது கிராமங்களின் வரி வசூல். வயலில் விளைந்த நெல் லண்டன்காரர்களின் வட்டியாக மாறியது.

ஆளுநரையே கைது செய்த அதிகாரிகள்

இதில் முக்கியப் புள்ளி பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டுகள்தான். ஆனால் 1776-ல், தனக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் வர வேண்டும் என்றார். தஞ்சாவூர் விளைச்சல்தான் அதற்கு ஈடு என்றும் சொன்னார்.

அப்போது சென்னை ஆளுநராக இருந்த பிகாட், தஞ்சையை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். பென்ஃபீல்டின் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. உடனே கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பான்மையானவர்கள் சேர்ந்து ஆளுநரையே கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் பிகாட் இறந்துபோனார்.

பணம் லண்டனுக்குப் போனது ஏன்?

கடன் வசூலாக வேண்டுமென்றால் லண்டனில் அரசின் ஆதரவு தேவை. சில நூறு ஓட்டுகளே உள்ள தொகுதிகளைப் பணம் கொடுத்துப் பிடிப்பது அங்கே சகஜம். 1780-ல் பென்ஃபீல்டு, கிரிக்லேடு தொகுதி எம்.பி. ஆனார். நவாபின் லண்டன் ஏஜென்ட் ஜேம்ஸ் மெக்ஃபெர்சனும் அதே ஆண்டு எம்.பி. ஆனார்.

1784 தேர்தலில் பிரதமர் வில்லியம் பிட் தரப்பு வென்றது. அதன் பிறகு அரசு, நவாபின் தனியார் கடன்களை விசாரிக்காமலேயே ஏற்றுக்கொண்டது. கம்பெனியின் இயக்குநர்கள் விசாரணை கேட்டும் பலனில்லை. கர்நாடகப் பகுதியின் வருவாயில் இருந்து ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு ஒதுக்கப்பட்டது. 1780-ல் ஹைதர் அலி படையெடுப்பில் எரிந்து, பஞ்சத்தில் வாடிய மண் அது.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். தேர்தலில் கடன்காரர்கள் செய்த உதவிக்கு அரசு கொடுத்த கைமாறுதான் இது என்பது அவரது குற்றச்சாட்டு. பர்க்கின் உறவினர் ஒருவர் தஞ்சை மன்னரின் ஏஜென்ட் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இது தொடர்பான ஆவணங்களைக் கேட்டுக் கொண்டுவரப்பட்ட தீர்மானம் தோற்றது.

கடைசியில் என்ன ஆனது?

1792 ஒப்பந்தத்தில், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையும் கம்பெனி கைக்குப் போனது. கட்டபொம்மன் மோதியது இந்தக் கம்பெனி வசூலோடுதான். 1799-ல் அவர் பிடிபட்டது புதுக்கோட்டை சீமையில்.

வாலாஜா 1795 அக்டோபரில் கடனாளியாகவே இறந்தார். திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கமானார். 1801-ல் அவரது நாடே கம்பெனி வசமானது. அவரைக் காப்பாற்றிய புதுக்கோட்டையோ 1948 வரை தனி சமஸ்தானமாக நீடித்தது. பென்ஃபீல்டு 1810-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

உண்மை தெரிந்தது அதற்குப் பிறகுதான். மிச்சமிருந்த கடன் கோரிக்கைகளை ஆராய 1805-ல் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முன் வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். நீண்ட விசாரணைக்குப் பிறகு உண்மை என ஏற்கப்பட்டது சுமார் 27 லட்சம் பவுண்டு, அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1784-ல் விசாரிக்காமல் விட்ட கடன்களில் பொய் எவ்வளவு என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதற்கான வட்டியை மட்டும் தமிழ்நாட்டு விவசாயி கட்டி முடித்தார்.