முத்திரையை வென்ற பந்து

பல்வாங்கர் பாலூ 1876ஆம் ஆண்டு தார்வாடில் பிறந்தார். அவர்தம் தந்தையார் படையில் பணியாற்றியவர். பாலூ புனே நகரில் வளர்ந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தில் அவர் பிறந்தார். ஆகவே அவரைக் கண்டவர்கள் அவருடைய பண்பையோ திறமையையோ அறியுமுன்னர் அவருடைய சாதியையே அறிய விரும்பினர்.

இளமையில் பாலூ, பார்சியர் நடத்திய கிரிக்கெட் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கியும் செப்பனிட்டும் மாதம் 3 ரூபாய் ஊதியம் பெற்றார். பின்னர் ஐரோப்பியரின் கழகத்தில் 4 ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்தார். அங்கு ஆட்டக்காரர்கள் பயிற்சி பெறும்பொருட்டு, மணிக்கணக்கில் பந்து வீசுவது அவர் பணியாயிற்று. இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலையில் அவர் இவ்வாறே தேர்ச்சி பெற்றார். எனினும் மட்டையைக் கையிலேந்தி ஆடும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிட்டவில்லை.

புனேயிலிருந்த இந்துக்களின் கழகம் ஐரோப்பியரை வெல்ல விரும்பியது. அதற்குப் பாலூவின் பந்துவீச்சுத் தேவைப்பட்டது. எனவே அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தயங்காமல் தொட்டனர். ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் காட்சி மாறியது. மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பருக, பாலூவுக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே அளிக்கப்பட்டது. கைகள் ஒன்றே, களத்தில் போற்றப்பட்ட அவை, பந்தியில் விலக்கப்பட்டன.

பாலூ மனம் தளரவில்லை. பம்பாய்க்குச் சென்று அங்கும் சிறந்து விளங்கினார். 1906இல் இந்துக்களின் அணி ஐரோப்பியரை வென்றபோது அவ்வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று, அப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அக்காலத்துப் பம்பாய்ப் போட்டியில் அணிகளே ஐரோப்பியர், பார்சியர், இந்துக்கள், முஸ்லிம்கள் எனப் பிரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இந்துக்களின் அணிக்குள் மேலும் ஒரு பிரிவாகச் சாதி நின்றது. பல ஆண்டுகள் வெற்றி தேடித்தந்தும், அணித்தலைவர் பதவி பாலூவுக்கு அளிக்கப்படவில்லை. தலைமைப் பொறுப்பில் சாதி பார்க்கப்படுவதைக் கண்டித்து, 1920இல் அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். அவர்களது எதிர்ப்பு வீண்போகவில்லை. 1923இல் விட்டல் அந்த அணிக்குத் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது.

1955இல் பாலூ மறைந்தார். அதற்கு முன்பே, 1946ஆம் ஆண்டோடு, சமயத்தின் பெயரால் அணிகளைப் பிரித்த அப்போட்டியும் முடிவுற்றிருந்தது.

ஒருவர் எக்குழுவைச் சேர்ந்தவர் என்பதைக்கொண்டு அவரை அளப்பவர், அவரை உள்ளபடி காண்பதில்லை. பாலூவின் திறமையைப் பயன்படுத்திக்கொண்டவர் பலர். அவரைத் தமக்கு நிகரான மனிதராக மதித்தவர் சிலரே. அம்முத்திரையால் அவர் அடைந்த துன்பம் பெரிது. அவருடைய தலைமையை இழந்த அணிக்கும் அதனால் இழப்பே நேர்ந்தது.