ஒரு டாலர் கையெழுத்து

இந்த ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் ஒரு மாதமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தார். எடிசன், சர் சி.வி. ராமன், விசுவேசுவரய்யா எல்லோரையும் போன வருஷங்களிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் கிதார் வாசித்தவர். பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு கிதார்காரர் எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் நண்பர்களே. நம் லேப் சமாச்சாரமும் இதில் வருகிறது, நாம் போடுகிற கையெழுத்தும் வருகிறது.

முதலாம் ஆண்டில் ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருவர் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பாட்டுகள்தான் எனக்கு இவரை அறிமுகம் செய்தன. அவர் இடதுகைக்காரர் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. நானும் இடதுகைதான். டிராயிங் ஹாலில் வலதுகைக்காரர்களுக்கென்றே செய்த மினி டிராஃப்டரோடு நான் பட்ட பாடு என் வகுப்புக்கே தெரியும். ஹெண்ட்ரிக்ஸ் என்ன செய்தார்? வலதுகை கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டு வாசித்தார்!

1942 நவம்பர் 27ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், வறுமை. பதினைந்து வயதில் அம்மா போய்விட்டார். அப்பாவோடு ஒரு வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது குப்பையில் கிடைத்த, ஒரே ஒரு தந்தி மிஞ்சியிருந்த யுகுலேலேதான் முதல் வாத்தியம். பிறகு ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிதார். திருட்டுக் காரில் போய் இரண்டு தடவை மாட்டிக்கொண்டதில் ஜெயிலா ராணுவமா என்ற நிலை வந்து, 1961ல் பாராசூட் படையில் சேர்ந்தார். மறு வருஷமே வெளியே வந்துவிட்டார். அதன்பின் மூன்று நாலு வருஷம் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் என்று பிரபலங்களுக்குப் பின்னால் நின்று வாசித்துக் காலம் தள்ளினார். பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவரைவிடப் பளிச்சென்று தெரியக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். இவருக்கு அது ஒத்துவரவில்லை.

1965 அக்டோபர் 15. நியூயார்க்கில் கையில் காசில்லாமல் திரிந்த நேரம். எட் சால்பின் என்ற தயாரிப்பாளர் நீட்டிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். முன்பணம் ஒரே ஒரு டாலர். விற்பனையில் நூற்றுக்கு ஒன்று. மூன்று வருஷத்துக்கு வேறு யாருக்கும் இசைப்பதிவு செய்யக்கூடாது. வக்கீலும் இல்லை, ஒன்றும் இல்லை. போட்டுவிட்டு அதை மறந்தே போனார் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நிமிஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானதும் நம்மிடம் ஒரு பாண்டு பேப்பர் தருகிறார்களே, அதை முழுசாகப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நம் செட்டில் எத்தனை பேர்? நான் படிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது. அனிமல்ஸ் குழுவில் பேஸ் கிதார் வாசித்த சாஸ் சாண்ட்லர், ஒரு காப்பி கிளப்பில் இவர் வாசித்ததைக் கேட்டு அசந்துபோய் 1966 செப்டம்பரில் லண்டனுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்ற இருவரைச் சேர்த்து மூன்று பேர் குழு. மூன்றே மாதத்தில் முதல் இசைத்தட்டு.

அவருடைய சத்தத்தின் ரகசியம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸ் என்று வட்டமான ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டே இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. காலால் அமுக்கினால் கிதார் சிக்னல் மேலும் கீழும் வெட்டுப்பட்டு வெளியே வரும். நம் லேப்பில் சி.ஆர்.ஓ.வில் அப்படி ஒரு அவுட்புட் வந்தால் பயாஸ் சரியில்லை, போய்த் திரும்பச் செய் என்று விரட்டிவிடுவார்கள். அவர் அந்தக் கோளாறையே பாட வைத்தார். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே ஃபீட்பேக், அதையும் விடவில்லை. நூறு வாட் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்கள் முன்னால் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் திரும்பி நின்றால் எந்த சுரம் எழும் என்று உடம்பாலேயே கணக்குப் போட்டு வாசித்தார்.

ஆனால் பத்திரிகைகளுக்கு இது போதவில்லை. 1967 மார்ச் 31ல் லண்டன் அஸ்டோரியா அரங்கில், பெயர் அடிபட வேண்டும் என்பதற்காகவே, ஒரு பத்திரிகைக்காரர் சொன்ன யோசனைப்படி கிதாருக்குத் தீ வைத்தார். கையும் சுட்டுக்கொண்டது. ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரே விழாவில் மறுபடி தீ. அமெரிக்கா முழுக்கப் பேர் பரவியது. அன்றைக்குப் பிடித்தது சனி. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் கேட்டது பாட்டை அல்ல. பல்லால் வாசி, முதுகுக்குப் பின்னால் வாசி, கொளுத்து! விற்பனைக்காகச் செய்த வித்தை அவரையே விலைக்கு வாங்கிவிட்டது.

விற்பனைக்காரர்களின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு வேடிக்கை. அதே ஜூலையில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குப் பிடித்த மங்கீஸ் குழுவின் சுற்றுப்பயணத்தில் இவரை முதலில் வாசிக்க விட்டார்கள். பிள்ளைகள் மங்கீஸ் எங்கே என்று கத்தித் தீர்த்தார்கள். சில நாளிலேயே இவர் விலகினார். அதையும் சும்மா விடவில்லை. பழமைவாத மாதர் சங்கம் ஒன்று ஆட்சேபித்ததால் நீக்கப்பட்டார் என்று ஒரு பொய்ச் செய்தியைக் கிளப்பி விளம்பரம் தேடினார்கள்.

1968ல் எலக்ட்ரிக் லேடிலேண்ட் என்ற இரட்டை இசைத்தட்டுக்கு உட்கார்ந்தபோது திருப்தி வரும்வரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். பொறுக்க முடியாமல் சாண்ட்லரே பாதியில் கழன்றுகொண்டார். அவரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறினால் யாருக்கும் வயிறு எரியும். தட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஆனால் அட்டைக்கு இன்ன படம் போடுங்கள் என்று இவர் எழுதிக் கொடுத்தது ஒன்று. பிரிட்டனில் கம்பெனி போட்டது நிர்வாணப் பெண்களின் படம்.

1969 ஜனவரி 4ல் பி.பி.சி. நேரடி ஒளிபரப்பில் பழைய ஹிட் பாட்டைப் பாதியில் நிறுத்தி, அப்போது கலைந்துபோன கிரீம் குழுவுக்கு மரியாதையாக அவர்கள் பாட்டை வாசித்தார். நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

இதற்குள் அந்த ஒரு டாலர் தாள் கோர்ட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ஹெண்ட்ரிக்ஸ் என் ஆள் என்றார் சால்பின். சமரசத்தில் ஒரு முழு இசைத்தட்டையே அவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1969ன் கடைசி இரவிலும் 1970ன் முதல் இரவிலும் நியூயார்க்கில் பில்லி காக்ஸ், பட்டி மைல்ஸ் ஆகியோருடன் வாசித்ததைத்தான் பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ் என்று கொடுத்தார். கடன் அடைக்கச் செய்த தட்டு. அதில் மெஷின் கன் என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கடனுக்கு வாசித்தவர் மாதிரியா இருக்கிறது?

வாடகைத் தொல்லை தீர மேனேஜர் மைக்கேல் ஜெஃப்ரியுடன் சேர்ந்து நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ கட்டினார், எலக்ட்ரிக் லேடி என்ற பெயரில். தோண்டினால் அடியில் ஒரு பழைய ஓடை! தண்ணீர் புகுந்து, பம்பு வைத்து இறைத்து, செலவு பத்து லட்சம் டாலர் அளவுக்குப் போனது. இசைத்தட்டுக் கம்பெனியிடம் கடன். அதை அடைக்க ஊர் ஊராகக் கச்சேரி. கச்சேரிக்குப் போனால் மறுபடி கொளுத்து என்கிற கூட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தானே அந்த ஸ்டூடியோ!

1970 ஆகஸ்ட் 26ல் திறப்பு விழா. அதற்கு முன்பே அங்கே சில வாரம் பதிவு செய்திருந்தார். மறுநாள் ஐரோப்பாவுக்குக் கச்சேரிக்குக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. செப்டம்பர் 18ல் லண்டனில் அளவுக்கு மீறிய தூக்க மாத்திரையால் வாந்தி மூச்சுக்குழலில் அடைத்து இறந்தார். வயது 27. உயில் இல்லை.

அதன்பின் வியாபாரம் நன்றாகவே நடந்தது. மிச்சமிருந்த டேப்புகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டினார்கள். 1975ல் வந்த கிராஷ் லாண்டிங் தட்டில் தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ், கூட வாசித்தவர்களின் டிரம்ஸையும் பேஸையும் எடுத்துவிட்டு, ஹெண்ட்ரிக்ஸை ஒரு நாளும் பார்த்திராத கூலிக் கலைஞர்களை வாசிக்க வைத்து ஒட்டினார். 1995ல்தான் வழக்காடி உரிமைகளை அப்பா மீட்டார்.

சீனியர் அண்ணன் பென் டிரைவில் கொடுத்தது அந்த கிராஷ் லாண்டிங்தான். போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் தாளம் போட்டுக் கேட்ட டிரம்ஸ் அவர் கேட்டே இராத டிரம்ஸ். பாட்டை இன்னும் அழிக்கவில்லை, கிதார் அவருடையதாயிற்றே. ஆனால் இப்போது கேட்கும்போது கை தானாகத் தாளம் போடுவதை நிறுத்திவிடுகிறது.