மண்டையில் தையலோடு கோல் போட்ட சர்தார்!

கால்பந்தாட்டத்தில் கோல் போடுகிறவனுக்குத்தான் மாலை, மரியாதை எல்லாம். பின்னாலே நின்று தடுக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் பையன்கள் ஆடும்போதுகூட, ஓட வராதவனைத்தான் "பேக்" என்று பின்னாலே நிறுத்துவார்கள்.

அப்படிப் பின்னாலே நின்று பேர் வாங்கிய ஒரு ஆள், உடைந்த மண்டையில் போட்ட தையல் ஆறுவதற்குள் முன்னாலே போய் கோல் அடித்தார். இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவர் பெயர் ஜர்னைல் சிங் தில்லான்.

நடந்தது 1962 செப்டம்பர் 4-ந்தேதி. இடம் இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தா. அதற்குப் பிறகு நடந்த எந்த ஆசிய விளையாட்டிலும் கால்பந்துத் தங்கம் நம் கைக்கு வரவில்லை. 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அதோடு சரி.

அகதியாக வந்த சிறுவன்

ஜர்னைல் சிங் 1936-ல் பிறந்தவர். பிறந்த ஊர்ப்பக்கம் லயால்பூர். இன்றைக்கு அது பாகிஸ்தானில் இருக்கிறது, பைசலாபாத் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

1947-ல் நாடு இரண்டானது. பஞ்சாபில் வெட்டு, குத்து, தீவைப்பு. வீடு வாசலை விட்டுவிட்டு லட்சக்கணக்கான ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஜர்னைல் சிங் குடும்பமும் ஒன்று. பையனுக்கு அப்போது வயது 11.

இந்தப் பக்கம் வந்து ஹோஷியார்பூர் மாவட்டம் பனாம் கிராமத்தில் தங்கினார்கள். பக்கத்திலே மாஹில்பூர். அந்த ஊருக்குக் கால்பந்து என்றால் பைத்தியம். அங்குள்ள கால்சா கல்லூரியில்தான் ஜர்னைல் சிங் தேறினார்.

ஆள் நல்ல உயரம், கட்டுமஸ்தான உடம்பு. 1958-ல் கல்கத்தாவுக்குப் போய் ராஜஸ்தான் கிளப்பில் சேர்ந்தார். மறுவருஷமே மோகன் பகான் கிளப் அவரை இழுத்துக்கொண்டது. அப்புறம் பத்து வருஷம் அந்த கிளப்பின் பின்களம் அவர் கையில்தான். 1963, 64, 65 என்று மூன்று வருஷம் தொடர்ந்து டூரண்ட் கோப்பையை மோகன் பகான் தூக்கியது.

எதிரி காலில் பந்து இருக்கும்போது தரையோடு சறுக்கிவந்து பந்தைப் பிடுங்குவதில் அவர் மன்னர். தலையால் முட்டித் தள்ளுவதிலும் அப்படியே. முரட்டு ஆட்டம் என்று குறை சொன்னவர்களும் உண்டு. மோதிப் பார்த்த பார்வர்டுகளுக்குத்தான் தெரியும்!

1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியிலும் இருந்தார். பிரான்சோடு 1-1 என்று சமமாக முடித்த அணி அது.

ரத்தம் கொட்டியது

ஜகார்த்தாவில் ஆரம்பமே சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா 2-0 என்று நம்மை மண்ணைக் கவ்வ வைத்தது.

அடுத்தது தாய்லாந்து. 4-1 என்று ஜெயித்தோம். ஆனால் அந்த ஆட்டத்தில்தான் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்தது. ரத்தம் கொட்டியது. தையல் போட்டார்கள். இனி எங்கே ஆடப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜப்பானை 2-0 என்று தோற்கடித்ததும் அரை இறுதி வந்துவிட்டது. எதிரி தென்வியட்நாம்.

இங்கேதான் கோச் ரகீம் ஒரு காரியம் செய்தார். சையது அப்துல் ரகீம் ஐதராபாத்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். தையல் போட்ட தலையோடு பின்களத்தில் நின்றால் வருகிற பந்தையெல்லாம் முட்டியாகவேண்டும், தையல் பிய்ந்துவிடும். ஆனால் அந்த ஆளை வெளியே உட்கார வைக்கவும் ரகீமுக்கு மனசில்லை. ஜர்னைல் சிங் கல்லூரி நாளில் முன்களத்தில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். சென்டர் பார்வர்டாக இறக்கிவிட்டார்!

இன்றைக்கானால் டாக்டர்கள் மைதானத்துக்குள் காலை வைக்கவே விடமாட்டார்கள். செய்தது சரியா என்று கேட்டால், சரி என்று சொல்லமுடியாது. ஆனால் ரகீமும் அப்போது நல்ல உடம்போடு இல்லை. அவருக்குப் புற்றுநோய்.

அரை இறுதியில் 3-2 என்று ஜெயித்தோம். கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல்.

ஒரு லட்சம் பேர் ஊளை

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென்கொரியா.

மைதானத்தில் ஒரு லட்சம் பேர். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இங்கே அண்ணாமலையாருக்கு அரோகரா போடுவார்கள். அங்கே அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராக ஊளையிட்டார்கள். தேசிய கீதத்தைக்கூடக் கேட்கவிடவில்லை.

காரணம் அரசியல். இஸ்ரேல், தைவான் ஆட்டக்காரர்களை இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்று இந்தியாவின் ஜி.டி.சோந்தி கிளம்பினார். ஊரே கொந்தளித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் போகும்போது, தலைப்பாகை வெளியே தெரியாதபடி சீக்கியர்களைக் கீழே உட்காரச் சொன்னார்களாம். கூட ஆடியவர்கள் பிற்காலத்தில் சொன்னது இது.

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்குக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள். ஹாக்கியில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்களே அவர்கள்தான்! பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மண்ணைவிட்டு ஓடிவந்த பையன் இந்தப் பக்கம் தலையில் கட்டோடு நிற்கிறான்.

ஆட்டம் தொடங்கியது. 17-வது நிமிடம் பி.கே.பானர்ஜி முதல் கோல். கூட்டம் வாயை மூடுவதற்குள் 20-வது நிமிடம் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல்!

கடைசி நிமிடங்களில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்குமேல் விடவில்லை. கோலில் நின்றவர் நம்மவர், பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்த தமிழர், ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்தவர். காய்ச்சலில் படுத்து எழுந்து வந்து அன்றைக்கு நின்றார். 2-1. தங்கம்!

ரகீம் அடுத்த ஆண்டே, 1963 ஜூன் 11-ந்தேதி இறந்துபோனார்.

ஜர்னைல் சிங் பழையபடி பின்னாலே போய் நின்றுகொண்டார். 1964-ல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். 1965-ல் இருந்து 67 வரை இந்திய அணிக்குக் கேப்டன். ஆசியாவின் நட்சத்திர அணிக்குக் கேப்டனாகவும் அவரைப் போட்டார்கள். ஆடி ஓய்ந்தபின் பஞ்சாபில் விளையாட்டுத் துறையில் அதிகாரியாக இருந்து பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

2000 அக்டோபர் 13-ந்தேதி கனடாவில் வான்கூவர் நகரில் காலமானார். வயது 64. ரகீம் கதையை 2024-ல் "மைதான்" என்று இந்தியில் படமாக எடுத்தார்கள். தலையில் கட்டோடு ஓடும் சர்தார் அதிலே வருகிறார்.