மூக்குக்கு முன்னால் மனதைப் பார்த்த டாக்டர்: யார் இந்த ஜாக் ஜோசப்?

மூக்கின் வடிவத்தை மாற்ற சர்ஜரிக்குப் போனால், டாக்டர் உடனே கத்தியை எடுக்க மாட்டார். மூச்சு சரியா வருதா, மூக்குல எது பிடிக்கலை, என்ன எதிர்பார்க்கிறீங்க என்றெல்லாம் கேட்பார். மூக்கோடு மனதையும் கணக்கில் எடுத்த முன்னோடிகளில் ஒருவர் ஜாக் ஜோசப்.

1865-ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பெர்லினில் எலும்பு மருத்துவ உதவியாளராக இருந்தபோது, துருத்திய காதுகளால் கேலிக்கு ஆளான சிறுவனுக்கு 1896-ல் ஆபரேஷன் செய்தார். காது சரியாச்சு, ஆனால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்காததால் வேலை போச்சு!

அந்தச் செய்தி கேட்டு இளைஞர் ஒருவர் வந்தார். பெரிய மூக்கை எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள் என்று வெளியே போவதையே தவிர்த்தவர். ஜோசப் அதை வீண் ஆசை என ஒதுக்கவில்லை. முதலில் சடலத்தில் ஒத்திகை பார்த்து, பிறகு மூக்கைச் சிறிதாக்கினார். 1898-ல் பெர்லின் மருத்துவச் சங்கத்தில் அதை விளக்கியபோது, மனத்துயரமும் சிகிச்சைக்குப் போதுமான காரணமே என வாதாடினார்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934-ல் காலமானார்.

இன்று அவர் வழி இன்னும் ஒரு படி நீண்டிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத குறைக்காக ஒருவர் அளவுக்கு மீறித் தவித்தால், உடல் தோற்றம் சார்ந்த மனநலச் சிக்கலா என்று பார்க்கிறார்கள். அங்கே கத்தி தீர்வாகாது. மனநல மருத்துவரிடம் அனுப்புவதே சரியான சிகிச்சை.