ஜூல்ஸ் போர்டே

ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்தபோது எனக்கிட்ட முதல் வேலை, கன்றின் சீரத்தை 56 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தெடுப்பது. ஏன் என்று கேளாமலே பல நாள் செய்தேன். ஒரு நாள் கேட்டேன். அந்தக் கேள்வி என்னை ஜூல்ஸ் போர்டே என்னும் பெரியாரிடம் கொண்டு சேர்த்தது.

அவர் 1870இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன். மருத்துவப் பட்டம் பெற்றபின் 1894இல் பாரிஸ் சென்று, பாஸ்டர் நிலையத்தில் மெச்னிகாப்பிடம் மாணவரானார். இரத்தத்தின் வெள்ளணுக்களே கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்பது ஆசிரியரின் கொள்கை. மாணவரோ, அணுக்களே இல்லாத சீரம் கிருமிகளைக் கரைப்பது எவ்வாறு என்று ஆராயத் தொடங்கினார்.

காலராக் கிருமிக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற பிராணியின் சீரத்தை அவர் 55 டிகிரிக்குச் சூடாக்கினார். கிருமியைக் கொல்லும் திறன் போயிற்று. எதிர்ப்பாற்றலே பெறாத வேறொரு பிராணியின் புதுச் சீரத்தைச் சிறிது சேர்த்தார். போன திறன் திரும்பிற்று! ஆகவே வேலை செய்பவர் இருவர்: சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்று, சூட்டில் கெடும் துணைப்பொருள் மற்றொன்று. இதைக் கண்ட 1895இல் அவருக்கு வயது இருபத்தைந்தே.

அத்துணைப்பொருளுக்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயரிட்ட எர்லிக், அது பலவகைப்படும் என்றார். போர்டே ஒன்றே என்று வாதாடினார். இன்று நாம் அறிவது, அது முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம் என்பதே. எதிர்ப்பொருள் கிருமியின் மேல் அமர்ந்ததும் அப்புரதங்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. மூன்றாம் புரதத்தின் துண்டு கிருமியில் ஒட்டி, விழுங்க வரும் வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. ஐந்து முதல் ஒன்பது வரையிலான புரதங்கள் வளையமாகக் கூடிக் கிருமியின் சவ்வில் துளையிடுகின்றன. துளை வழியே நீர் புகக் கிருமி வெடித்து மடிகிறது. இவற்றுள் ஒன்று பிறவியிலேயே குறைந்தாலும் மூளையுறைக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் தாக்கக்கூடும்.

ஆக, எண்ணிக்கையில் போர்டே தவறினார், சோதனையில் தவறவில்லை. 1906இல் ழாங்கூவுடன் சேர்ந்து கக்குவான் இருமல் கிருமியை வளர்த்துக் காட்டினார். 1919ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றார். 1961இல் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே, கருத்துப் பிழைபடலாம். ஒழுங்காகச் செய்த சோதனை நிலைக்கும். இன்றும் சீரத்தைச் சூடாக்கும் அந்த அரை மணி நேரம், நான் அவருடைய மாணவன்.